ஆறாம் கட்டிலில் இருந்தவர்

தோப்பும்படி துறைமுகத்துக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது. வீட்டு விலாசம் மறந்தவர்கள், வீட்டுக்கு வேண்டாதவர்கள் என்று முப்பது பேர் அங்கே இருந்தார்கள். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மழை சற்று விட்டிருந்த நேரத்தில், அந்த இல்லத்தின் வாசலில் மாதுரியும் விஸ்வேஸ்வரனும் எதிரெதிரே வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் தனியார் துப்பறியும் ஆபீஸ் என்று போர்டு வைத்திருப்பவர்கள் இவர்கள் இருவர்தான். விஸ்வேஸ்வரனுக்கு அறுபது வயது. பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்து செர்ளாயில் தங்கிவிட்ட குடும்பம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் க்ளெய்ம் விசாரித்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். மாதுரிக்கு நாற்பத்திரண்டு. அப்பா, அம்மா இருவரும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர்கள். அவள் பன்னிரண்டு வருடம் கூரியர் கம்பெனியில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். எந்தத் தெருவில் யாரிடம் கேட்டால் பதில் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாண விசாரணையில், மாதுரியின் ரிப்போர்ட் வெறும் அடுக்களைப் பேச்சு என்று விஸ்வேஸ்வரன் யாரிடமோ சொன்னார். சார் ஆளைத் தேடச் சொன்னால் அலமாரியைத் திறப்பார் என்று மாதுரியும் யாரிடமோ சொன்னாள். இரண்டும் ஒரே வாரத்தில் உரியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு பஜார் ரோட்டில் எதிரே வந்தால் இருவரும் கடைகளின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே கடந்துவிடுவார்கள்.

இன்று கடந்துபோக வழியில்லை. இருவரும் கேட்டது ஒரே ஆளை.

இல்லத்தின் பொறுப்பில் இருந்த சிஸ்டர் சோனியா இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். ஆறாம் கட்டிலில் இருப்பவர் ஆறு மாதத்துக்கு முன், ஜனவரியில், துறைமுகச் சாலையில் விழுந்து கிடந்தவர். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தலையை மழித்து ஆபரேஷன் செய்தார்கள். பிறகு இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஆதார் மெஷின் அவர் விரலை எடுக்கவில்லை. ஒரு கண் சரியாகத் திறக்காததால் கண்ணையும் எடுக்கவில்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையாட்டுவார்.

மாதுரி தேடிவந்தது ராஜன் என்பவனை. மனைவி அமுதவள்ளி, கார்ப்பரேஷனில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ராஜன் பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கில் மூட்டை சுமந்தவன். ஜனவரியில் ஒருநாள் காலை வழக்கம்போல சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. ஒரு ஸ்டேஷனில் புகார் இருந்தது. இன்னொரு ஸ்டேஷனில், அடையாளம் தெரியாத ஆள் என்று ஒரு குறிப்பு இருந்தது. அந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்தான் அமுதவள்ளி மாதுரியிடம் வந்தாள். ராஜனின் சைக்கிள், இவர் விழுந்து கிடந்த இடத்திலிருந்து நூறடி தள்ளி ஒரு ஐஸ் கம்பெனிச் சுவரோரம் துருப்பிடித்துக் கிடந்ததை மாதுரி கண்டுபிடித்திருந்தாள்.

விஸ்வேஸ்வரன் தேடிவந்தது வெங்கிடராமனை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் தங்கை கங்காவின் வீட்டில் இருந்தவர். எட்டு மாதத்துக்கு முன் புதுக் கண்ணாடி வாங்கிவர எர்ணாகுளம் பிராட்வேக்குப் போனவர் வரவில்லை. கடை பில் விஸ்வேஸ்வரனின் பையில் இருந்தது. ஆறாம் கட்டில்காரரின் துணிப்பையில் இருந்த கண்ணாடிக் கூட்டின் உள்மூடியில் அதே பில் நம்பர் எழுதியிருந்தது.

இரண்டு பேரும் போட்டோ கொண்டுவந்திருந்தார்கள். ராஜன் தலையில் தோர்த்துத் துண்டு கட்டி, மீசையோடு பாதி முகம் காட்டினான். வெங்கிடராமன் பாஸ்போர்ட் அளவில், மழுமழுவென்று இருந்தார். கட்டிலில் இருந்தவர் மெலிந்து, நரைத்த தாடியோடு, முகம் ஒருபக்கம் இழுத்துக் கிடந்தார். ராஜன் என்று நினைத்துப் பார்த்தால் ராஜன், வெங்கிடராமன் என்று நினைத்துப் பார்த்தால் வெங்கிடராமன்.

குடும்பத்தைக் கூட்டிவந்து காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார் விஸ்வேஸ்வரன். சிஸ்டர் சம்மதிக்கவில்லை. போன வருடம் இப்படித்தான் ஒரு குடும்பம் வந்து வேறொருவரைக் கட்டிக்கொண்டு அழுதது. பிறகு, எங்கள் ஆள் இல்லை என்று போய்விட்டது. அவர் இருபது நாள் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அதனால் இனி ஒரே பெயர், ஒரே குடும்பம். போட்டோ எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, மதியச் சாப்பாட்டைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெளியே சாயாக்கடையில் இருவரும் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாயா பாதி தீர்ந்தபின் மாதுரிதான் முதலில் பேசினாள்.

“சார், என் ஆள்னு நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. உங்க ஆள்னு நீங்க சொன்னா நான் நம்பமாட்டேன். அப்ப என்னோடதை நீங்க பாருங்க. உங்களோடதை நான் பார்க்கறேன். எங்க ஓட்டை இருக்குன்னு எதிராளிக்குத்தானே தெரியும்.”

விஸ்வேஸ்வரன் சாயா க்ளாஸைக் கீழே வைத்தார். “ஃபைலை முழுசாத் தருவேளா?”

“ஃபைல் எங்க சார் இருக்கு. எல்லாம் மனசுலதான். சொல்றேன், எழுதிக்குங்க.”

அவர் நோட்டை எடுத்தார். முக்கால் மணி நேரம் அவள் சொன்னாள், அவர் எழுதினார். பிறகு தன் ஃபைலை, ஒரு காகிதம்கூட எடுத்துவைக்காமல், அவளிடம் கொடுத்தார்.

மறுநாள் விஸ்வேஸ்வரன் மிளகுக் கிடங்குக்குப் போனார். முதலாளியின் மகன் மாதுரியிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னான்: ராஜன் கடைசி நாள் வரை இங்கேதான் வேலை பார்த்தான். விஸ்வேஸ்வரன், தொழிலாளர் வருகைப் பதிவைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவன் தயங்கினான். அவர் கோபப்படவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். மதியம் சாப்பிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். மூன்று மணிக்குப் பதிவு வந்தது. கிடங்கில் மூட்டை இறக்குவது நவம்பரிலேயே நின்றுபோயிருந்தது. ராஜன் காணாமல் போவதற்கு முன்னால் இரண்டு மாதம் அவனுக்கு அங்கே வேலையே இல்லை. கணக்கு தீர்க்காமல் ஆட்களை அனுப்பிய விஷயம் வெளியே வரக் கூடாது என்றுதான் மகன் பொய் சொல்லியிருக்கிறான்.

அப்படியானால் அந்த இரண்டு மாதமும் ராஜன் தினமும் காலையில் எங்கே போனான்? அமுதவள்ளியிடம் கிடங்குக்கென்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கூட வேலை பார்த்த பிஜு இப்போது வேறொரு கிடங்கில் இருப்பதாகக் கேட்டு அங்கே போனார். பிஜு சுக்கு மூட்டை மேல் உட்கார்ந்து பேசினான். ராஜன் எங்கே போனான் என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் ராஜனைப் பற்றி நிறையச் சொன்னான். மூட்டை எண்ணுவது ராஜனின் வேலை. ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவான், அந்தக் காலத்துத் தமிழ்க்காரர்கள் எண்ணுகிற மாதிரி. ஒன்பது வரை ஒழுங்காகப் போகும். பத்தாவது மூட்டைக்குப் பத்து என்று சொல்லமாட்டான், வள்ளி என்பான். பிறகு மறுபடி லாபம். எத்தனை வள்ளி ஆயிற்று என்றுதான் அன்றைக்குக் கணக்கு. கேலி செய்தால், அப்போதுதான் எண்ணிக்கை தப்பாது என்பானாம். இது அவன் மனைவிக்குத் தெரியுமா என்று விஸ்வேஸ்வரன் கேட்டார். பிஜு சிரித்தான். தெரிந்தால் உதைப்பாள் என்றான்.

விஸ்வேஸ்வரன் அதை நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

அதே நாள் மாதுரி செர்ளாயில் கங்காவின் வீட்டில் இருந்தாள். கங்கா ஓய்வுபெற்ற டீச்சர். அண்ணனின் அறையைக் காட்டினாள். மாத்திரை நேரம் எழுதிய தாள் சுவரில் ஒட்டியிருந்தது. மழையில் எங்காவது போய் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிய கதையை கங்காவே சொன்னாள். அவருக்கு என்ன வியாதி என்று மாதுரி கேட்டாள். வியாதி ஒன்றுமில்லை, வயதாகிவிட்டதே என்றாள் கங்கா. இந்த எட்டு மாதத்தில் நான்கு தடவை பிணவறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததையும் சொன்னாள்.

பிறகு மாதுரி படகில் எர்ணாகுளம் போய் பிராட்வேயில் அந்தக் கண்ணாடிக்கடையைத் தேடிப் பிடித்தாள். கடையில் இருந்த வசந்தி என்ற பெண்ணுக்கு வெங்கிடராமனை நினைவிருந்தது. படிக்கிற கண்ணாடியை அவர் வாங்கவில்லை. தூரப் பார்வைக்குத்தான் வாங்கினார். கடை வாசலில் நின்று போட்டுப் பார்த்து, எதிர்க் கட்டடத்து மேல் உட்கார்ந்திருந்த பறவையின் மூக்கு தெரிகிறது என்று சந்தோஷப்பட்டார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை. கூட்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை இருவரும் இல்லத்தில் சந்தித்தார்கள். மாதுரி தான் கேட்டதைச் சொல்லத் தொடங்கியபோது விஸ்வேஸ்வரன் கை காட்டி நிறுத்தினார்.

“அதுக்கு முன்னாடி ஒரு காரியம் இருக்கு. நீங்கோ சாட்சியா நில்லுங்கோ, போதும்.”

ஆறாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கட்டிலில் இருந்தவர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். விஸ்வேஸ்வரன் கட்டில் கம்பியில் உள்ளங்கையால் ஒருமுறை தட்டி, “லாபம்” என்றார். இன்னொரு தட்டு. “ரெண்டு.” மூன்றாவது தட்டு, நான்காவது தட்டு. கட்டில்காரர் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார். விஸ்வேஸ்வரன் ஐந்தாவது தடவை தட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“அஞ்சு.”

குழறலாகத்தான் வந்தது. ஆறு மாதமாக அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. வாசலில் நின்ற சிஸ்டர் சோனியா உள்ளே வந்தார். விஸ்வேஸ்வரன் தட்டிக்கொண்டே இருந்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது தட்டுக்கு முன் அவர் கை கொஞ்சம் தயங்கியது. பத்து என்று வந்தால் கட்டிலில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம், வெங்கிடராமனாகவும் இருக்கலாம். தட்டினார்.

“வள்ளி” என்றார் கட்டிலில் இருந்தவர். பிறகு தானாகவே, “லாபம்.”

விஸ்வேஸ்வரன் முக்காலியிலிருந்து எழுந்தார். “உங்க ஆளாக்கும், மாதுரி. ராஜன்தான்” என்றார். வெளியே வராந்தாவில் பிஜு சொன்னதை முழுக்கச் சொன்னார், இரண்டு மாத இடைவெளியையும் சொன்னார். தன் கேஸ் போய்விட்டதே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது. அதை மறைக்கவும் இல்லை. அந்தக் கிடங்கு மகனின் பொய்யைத் தான் அப்படியே நம்பிவிட்டதை நினைத்து மாதுரிக்கு வெட்கமாக இருந்தது. நன்றி என்று சொன்னாள். அவர் வேறெங்கோ பார்த்துத் தலையசைத்தார்.

மாதுரியின் போன் கேட்டு, பதினொரு மணிக்கு அமுதவள்ளி வேலைக் கோட்டோடு நேரே வந்தாள். கட்டில் காலடியில் நின்று, போர்வையை விலக்கி முதலில் அவன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு முகத்தை. அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டவில்லை. இடது கையை நீட்டினான்.

“ஆறு மாசமா இங்கயா இருந்தே” என்றாள் அவள். “டெய்லி குப்பை வண்டியில தோப்பும்படிப் பாலத்து மேலதான் போறேன், வர்றேன்.”

வேலை போன விஷயத்தை விஸ்வேஸ்வரன் மெதுவாகச் சொன்னார். அவள் அவன் கையை விடாமலே கேட்டுக்கொண்டாள். போனால் போயிற்று, சொல்லியிருக்க வேண்டியதுதானே என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. சிஸ்டரிடம் கத்தரிக்கோல் வாங்கி அவன் தாடியை வெட்டத் தொடங்கினாள்.

மாதுரி அதற்குள் ராஜனின் துணிப்பையை வாங்கி வராந்தாவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். அதில் கண்ணாடி இல்லை. நீல நைலான் நூலும், வலை பின்னுகிற பிளாஸ்டிக் ஊசியும் இருந்தன. ராஜனுக்கு வலை பின்னத் தெரியுமா என்று உள்ளே போய்க் கேட்டாள். தெரியாது, அந்த வீட்டில் மீன் பிடித்தவர் யாருமில்லை என்றாள் அமுதவள்ளி.

“சார், கொஞ்சம் இங்க வாங்க” என்று கூப்பிட்டாள் மாதுரி. “கூடு இங்க இருக்கு. கண்ணாடி எங்க?”

“விழுந்து உடைஞ்சிருக்கலாம்.”

“இல்ல சார். இந்தக் கூட்டை நூல் வெக்கத்தான் வெச்சிருக்கான். கண்ணாடி உங்க ஆள் கண்ணுலதான் இருக்கு, அதைக் கழட்டறதே இல்ல அவர். கூடு வேண்டாம்னு ராஜனுக்குக் கொடுத்திருக்கார்.” பிராட்வேயில் கேட்டதை இப்போதுதான் முழுக்கச் சொன்னாள்: தூரத்துக் கண்ணாடி, பறவையின் மூக்கு. “ராஜன் அந்த ரெண்டு மாசமும் போன இடத்துல உங்க ஆளும் இருந்திருக்கார். வலை இருக்கற இடம், பட்சி இருக்கற இடம். சைக்கிள்ல போய்ட்டு வர்ற தூரம். வர்ற வழியில தோப்பும்படியைத் தாண்டணும்.”

விஸ்வேஸ்வரன் யோசித்தார். “கும்பளங்கி. அங்க எங்க பாத்தாலும் மீன் வளக்கற தண்ணிதான்” என்றார்.

அவருடைய ஸ்கூட்டரில் போனார்கள். மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், ஒரே மழைக்கோட்டுக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. கும்பளங்கியில் அவர் பஞ்சாயத்து ஆபீஸில் விசாரிக்கலாம் என்றார். மாதுரி மீன் விற்கும் பெண்களிடம் போனாள். மூன்றாவது பெண் சொல்லிவிட்டாள்: சிஜு என்பவரின் மீன்பண்ணையில், மீனைத் தின்ன வரும் நீர்க்காகங்களை விரட்டுகிற ஒரு ஐயர் சுவாமி இருக்கிறார், கண்ணாடிக்காரர்.

மீன் வளர்க்கும் நீர்ப்பரப்பின் நடுவே போகும் மண்வரப்பில், ஓலைக் குடிசை ஒன்றின் முன்னால், லுங்கி கட்டிய ஒருவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். கறுத்து, திடமாக இருந்தார். இவர்களைக் கண்டதும் முதலில் கேட்டது, “ராஜன் அனுப்பிச்சானா?” என்றுதான். கொஞ்ச நாள் வேலைக்கு வந்து, வலை தைக்கக் கற்றுக்கொண்டு, ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டான், நல்ல வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாதுரி நடந்ததைச் சொன்னாள். அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஸ்வேஸ்வரன் எதிரே உட்கார்ந்து தான் யார் என்பதைச் சொன்னார். கங்கா நான்கு தடவை பிணவறைக்குப் போனதை மாதுரி சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் கடுமையாகத்தான் இருந்தது.

வெங்கிடராமன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“கண்ணாடியில நன்னாத் தெரியறதான்னு பாக்க பஸ் ஏறினேன். ஒரு ராத்திரி இருந்துட்டுப் போலாம்னுதான் நெனச்சேன். மறுநாள் அவளுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு தெரியலை. ஒரு மாசம் ஆனப்பறம் சொல்றதுக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.” பிறகு, தன்னைப் பார்த்ததை அவளிடம் சொல்ல வேண்டாம், உயிரோடு இருப்பதாக மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்.

விஸ்வேஸ்வரன் வேலையில் இருந்த காலம் முழுக்க, கண்டதைக் கண்டபடி எழுதியவர். எதையும் விட்டுவிட்டு எழுதியதில்லை. அவர் மாதுரியைப் பார்த்தார்.

“நாங்க எழுத வேண்டாம் சார்” என்றாள் மாதுரி வெங்கிடராமனிடம். “நீங்களே போன் பண்ணிடுங்க. எங்க இருக்கேன்னு சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா அவங்க உங்க குரலைக் கேட்கணும்.”

விஸ்வேஸ்வரன் தன் போனில் கங்காவின் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். இருவரும் எழுந்து வரப்பின் மறுமுனைக்குப் போய் நின்றார்கள். அங்கிருந்து பேச்சு கேட்கவில்லை. வெங்கிடராமன் இரண்டு வார்த்தை சொல்வதும், போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பதும் தெரிந்தது. பிறகு கட்டாகிவிட்டது என்று ஜாடை காட்டினார். பத்து நிமிடம் கழித்து போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவர்தான் நிறையப் பேசினார், கையை நீட்டித் திசை காட்டிக்கொண்டே. தோப்பும்படியில் எந்த பஸ் ஏற வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

ரிப்போர்ட்டை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். யார் கையெழுத்து முதலில் என்று ஒரு சின்ன இழுபறி நடந்தது. மாதுரி, வயசில் பெரியவர் நீங்கள் என்று சொன்னதும் விஸ்வேஸ்வரன் அவளை முதலில் போடச் சொன்னார். ராஜன் ஓணத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டான். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் ஆட்டோவில் போகிறான். அமுதவள்ளிக்கு வேலை இருக்கும் நாட்களில் பிஜு கூட்டிப்போகிறான்.

கங்கா போன் வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமையே கும்பளங்கிக்குத் தனியாகப் போனாள். அண்ணனைக் கூட்டிவர ஒரு வாடகைக் காரைச் சாயங்காலத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். அவர் வரவில்லை. மாதம் இரண்டு தடவை செர்ளாய்க்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். கார் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பியது.

மறுநாள் விஸ்வேஸ்வரன் விசாரிக்கப் போனபோது மாதுரியும் கூடப் போனாள். கங்கா இருவருக்கும் காப்பி கொடுத்தாள். தன்னுடையதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நன்னாதான் இருக்கான்” என்றாள். “அதுதான் எனக்குக் கோபம்.”